வளர்ப்புயிரும் நம் பொறுப்பும்



தவளை இனத்துக்கு வாலுள்ள உறவினர் சிலர் உண்டு. அவற்றை நியூட் என்றும் சாலமாண்டர் என்றும் அழைப்பர். நம் நாட்டில் இவை டார்ஜிலிங் பகுதி மலைக்குளங்களில் வாழ்கின்றன. சட்டம் அவற்றைக் காக்கிறது. பிடித்து வளர்த்தல் குற்றமாகும். ஆனால், மெக்சிகோ நாட்டு ஏரிநீரில் பிறந்த ஆக்சலோட்டல் என்னும் சாலமாண்டர் இன்று நம் நகரங்களின் வண்ணமீன் கடைகளில் விலைக்குக் கிடைக்கிறது. செவுள்கள் கழுத்தருகே இறகுபோல் விரிந்திருக்கும். வாழ்நாள் முழுதும் நீரிலேயே இருக்கும்.

என் பழைய மாணவன் ஒருவன், கல்லூரி விடுமுறையில் பாப்பாரப்பட்டிக்கு வந்தபோது அத்தகைய ஒன்றைக் கொண்டு வந்தான். "ஐயா, இதற்கு என்ன கொடுக்கலாம்?" என்று கேட்டான். ஊன் உண்ணும் உயிர்தானே என்றெண்ணி, "கோழிக்கறியை நறுக்கிப் போடு" என்றேன். ஆசிரியர் சொல்லை அவன் ஐயுறவில்லை. அங்குதான் தவறு நேர்ந்தது.

இரண்டு மாதங்களில் அதன் முதுகு வளைந்தது, கால்கள் தளர்ந்தன. பின்னர் உணவையும் மறுத்தது. கால்நடை மருத்துவரிடம் காட்டியபோதுதான் காரணம் விளங்கிற்று. எலும்பு நீக்கிய இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணச்சத்தோ மிகக் குறைவு. உணவில் சுண்ணச்சத்துக் குறைந்தால், உடல் அதனைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலிந்து வளையும். வயிறு நிறைந்திருந்தும் உயிர் பட்டினி கிடந்தது! மண்புழுவே அதற்கு முதன்மையான உணவாக இருக்கத் தக்கது என்றார் மருத்துவர். பூச்சிமருந்து படாத மண்ணிலிருந்து எடுத்த புழுவாக இருத்தல் வேண்டும்.

உணவு ஒன்றுதான் குறையா? அன்று. அவ்வுயிருக்கு 16 முதல் 18 பாகை வரையிலான குளிர்நீர் ஏற்றது. நம் தருமபுரிக் கோடையில் தொட்டிநீரே வெதுவெதுப்பாகி விடுகிறது. வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். உயிரின் தேவையோ கூடும். தின்னாமல் விட்ட கறித்துண்டுகள் விரைவில் அழுகும். அவ்வழுகலிலும் கழிவிலும் பிறக்கும் அம்மோனியா செவுள்களைச் சுட்டுப் புண்ணாக்கும். நாம் குடிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் நம் நலத்துக்காகக் கலக்கும் குளோரினும் அதற்குத் தீங்கே. தொட்டியில் பரப்பிய சிறு கூழாங்கற்களை இரையோடு விழுங்கினால் குடல் அடைபடும். இவற்றுள் ஒன்றையும் நான் அவனுக்குச் சொல்லவில்லை, எனக்கே தெரிந்திருக்கவில்லை.

பிறகு அவன் கூழாங்கற்களை அகற்றினான். நீரை ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரினைப் போக்கிய பின்னரே ஊற்றினான். உறைந்த நீர்ப்புட்டிகளை மிதக்கவிட்டுச் சிறிது சிறிதாகக் குளிர்வித்தான். மருத்துவர் சொன்ன அளவில் சுண்ணச்சத்தும் கொடுத்தான். சில வாரங்களில் அது மண்புழுவைத் தானே பற்றி உண்ணத் தொடங்கியது. எனினும் வளைந்த முதுகு நிமிரவில்லை. இன்றும் அப்படியே இருக்கிறது. அதனைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு உறுத்துகிறது.

மற்றுமோர் எச்சரிக்கை. வளர்க்க இயலாதபோது இவ்வகை உயிர்களை நம் ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடுதல் ஆகாது. அயல்நாட்டு வளர்ப்புயிர் வாணிகத்தின் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றதாகக் கருதப்படும் ஒரு பூஞ்சை, நெதர்லாந்து நாட்டுச் சாலமாண்டர்களை ஏறத்தாழ அழித்துவிட்டது. அப்பூஞ்சையை அறிஞர்கள் 2013ஆம் ஆண்டில் இனங்கண்டனர். ஒரு வீட்டுத் தொட்டியின் நோய் ஒரு நாட்டின் நீர்நிலைகளுக்குப் பரவக்கூடும்.

மாணவர்களே, ஓர் உயிரை வீட்டுக்குக் கொணருமுன், அது எங்கே பிறந்தது, எந்த நீரில் வாழ்ந்தது, எதை உண்டது என்று கேளுங்கள். விடை கிடைத்த பின்னரே அதனை வாங்குங்கள். நம்மால் அதற்கு அவ்வாழ்வைத் தர இயலாதெனின் வாங்காது விடுவதே அன்பு. என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. மாணவன் கேட்டதற்கு விடை அறியோமெனின், "எனக்குத் தெரியாது, நூலைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறுவதில் இழுக்கில்லை. அந்த ஒரு சொல்லை அன்று நான் சொல்லியிருந்தால், ஒரு சிற்றுயிரின் முதுகு நிமிர்ந்தே இருந்திருக்கும்.