உடல் எடையும் எச்.ஐ.வி. சிகிச்சையும்

மும்பையில் கோவண்டி இரயில் நிலையத்தை அடுத்துள்ள தியோனாரில், 1956-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இயங்கி வருகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அதனுடையது. 2019-21 ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 18.7 சதவீதத்தினர் மெலிந்தவர்கள். 24 சதவீதத்தினர் மிகை எடையுள்ளவர்கள். இந்நிறுவனத்திற்குச் சிறிது தொலைவிலேயே தியோனார் குப்பைமேட்டைச் சூழ்ந்த நெருக்கமான குடியிருப்புகள் உள்ளன. காசநோயும் ஊட்டக்குறைவும் அங்கு நெடுங்காலப் பிரச்சினைகள். இத்தகைய பகுதிகளில் எச்.ஐ.வி. சிகிச்சை பெறுவோரின் எடையை எவ்வாறு மதிப்பிடுவது என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

சிகிச்சை பெறாத நிலையில் இக்கிருமி உடலை உருக்குகிறது. நோய்க்குறிகள் தோன்றாத கட்டத்திலேயே உடலின் சக்தித் தேவை ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. காசநோய் போன்ற தொற்றுகள் சேரும்போது அது 20 முதல் 30 சதவீதம் வரை உயர்கிறது. தேவை கூடும் அதே வேளையில் பசி குன்றுகிறது. உணவுச்சத்தும் சரிவர உட்கிரகிக்கப்படுவதில்லை. விளைவாகக் கொழுப்போடு தசையும் கரைகிறது.

2004 ஏப்ரல் முதல் நாள் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கியது. அன்று பயன்பட்ட ஸ்டாவுடின் உயிர்களைக் காத்தது. ஆயினும் உயிரணுக்களின் சக்தி நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்களைத் தாக்கியதால், பலருக்குக் கன்னமும் கைகால்களும் ஒட்டின. அம்மருந்தைப் படிப்படியாகக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்தது.

இன்று முதன்மை பெற்றிருப்பது டோலுடெக்ராவிர் அடங்கிய ஒற்றை மாத்திரை. இதனால் கிருமி விரைவில் ஒடுங்குகிறது. ஆனால் தென்னாப்பிரிக்காவிலும் காமரூனிலும் நடைபெற்று 2019-இல் வெளியான ஆய்வுகள், இம்மருந்து உட்கொள்வோரின், சிறப்பாகப் பெண்களின், எடை கூடுவதைக் காட்டின. இதில் ஒரு பகுதி இழந்த உடல்நலம் மீள்வதன் அறிகுறியே. எஞ்சியதற்கான காரணம் இன்னும் முழுமையாக அறியப்படவில்லை. எடையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த பழைய மருந்துகள் விலகியதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மெலிந்த உடலில் எடை கூடுவது நன்மையே. அது தசையாகச் சேர்கிறதா, இடுப்பைச் சுற்றிய கொழுப்பாகச் சேர்கிறதா என்பதே கேள்வி. வயிற்றுக் கொழுப்பு இன்சுலினின் செயலை மந்தமாக்கி, நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழிகோலும். ஆசிய மக்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டும்போதே இவ்விடர் கூடத் தொடங்குகிறது. பருப்பும் முட்டையும் எட்டாத குடும்பங்களில் மலிவான மாவுப்பண்டமும் எண்ணெய்ப்பண்டமும் வயிற்றை நிரப்புகின்றன. வறுமையிலும் தொந்தி விழுவது இதனாலேயே.

ஆகவே சிகிச்சை மையங்களில் எடைபார்க்கும் எந்திரம் மட்டும் போதாது. இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவையும் காலந்தோறும் பதிவு செய்யப்பட வேண்டும். நீரிழிவுக்குரிய மெட்பார்மினின் அளவை டோலுடெக்ராவிர் இரத்தத்தில் உயர்த்துவதால், நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேற்படாதவாறு அதனை வரையறுப்பது வழக்கம். காசநோய்க்கான ரிபாம்பிசின் உட்கொள்வோருக்கோ டோலுடெக்ராவிர் நாளுக்கு இருவேளை தேவைப்படுகிறது.

எடை கூடுகிறதென்று அஞ்சி ஒருவர் தாமாகவே மாத்திரையை நிறுத்தினால், ஒடுங்கிய கிருமி மீண்டும் பெருகும். காசநோய் எளிதில் பற்றும். கூடிய எடையை உணவாலும் உழைப்பாலும் மருத்துவர் துணையாலும் குறைக்க இயலும். இழந்த நோய் எதிர்ப்பாற்றலை மீட்பது அத்துணை எளிதன்று. இவ்வுண்மையை நோயாளிக்கு முதல் நாளிலேயே பொறுமையாக விளக்குவது மருந்து வழங்குவதற்கு ஒப்பான கடமையாகும்.