பற்ற வைப்பதற்கு முன்



இரும்போடு இரும்பை உருக்கி ஒட்டும் வேலைக்கு வெல்டிங் என்று பெயர். பற்றவைப்பு என்றும் சொல்வார்கள். கேட், ஜன்னல் கிரில், கட்டில், கலப்பை, தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் இந்த வேலை வேண்டும். இந்தியாவில் எந்த மாநிலத்துக்குப் போனாலும் இந்த வேலையைப் பார்க்கலாம். சாலை ஓரத்திலும் நடக்கும். வீட்டுக் கொட்டகையிலும் நடக்கும்.

ஒரு மிஷின், ஒரு ஹோல்டர், ஒரு கட்டு ராடு. இவை இருந்தால் பட்டறை தொடங்கிவிடலாம். ஆனால் பொறி பறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. செய்த கேட்டின் பலம் அந்த வேலைகளில் இருக்கிறது. செய்தவரின் உயிரும் அவற்றில் இருக்கிறது.

ஒரு பட்டறையை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டை ஒட்டிய சிறு கொட்டகை. வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவர். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர். தம்பி பள்ளிக்குப் போகாதவர். இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவர். அன்று அவர்கள் ஓர் இரும்புக் கேட் செய்ய வேண்டும்.

கறுப்பு வேறு, காப்பு வேறு

தம்பி வந்ததும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அது கடைத்தெருவில் வாங்கிய வெயில் கண்ணாடி. மேஸ்திரி அதைக் கழற்றச் சொன்னார்.

"ஏண்ணே, இதுவும் கறுப்புத்தானே?" என்றார் தம்பி.

"கறுப்பு வேற, காப்பு வேற தம்பி. இந்தக் கவசத்தில் உள்ள கண்ணாடியைப் பார். ஓரத்தில் என்ன எழுதியிருக்கு?"

தம்பி படித்துப் பார்த்தார். "பத்துன்னு போட்டிருக்கு அண்ணே."

வெல்டிங் கண்ணாடிக்கு எண் உண்டு. சிறு பட்டறை வேலைக்கு 10 அல்லது 11-ஆம் எண் கண்ணாடி வேண்டும். வெல்டிங் ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. கண்ணின் மேல்தோலை அவை வெந்துபோகச் செய்யும். வலி உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, இரவில் தொடங்கும். கண்ணில் மணலைக் கொட்டியது போல உறுத்தும். நீர் வடியும். விளக்கைப் பார்க்க முடியாது.

அப்போது சிலர் தாய்ப்பால் விடுவார்கள். சிலர் வெங்காயச் சாறு விடுவார்கள். இவை எதையும் கண்ணில் விடக்கூடாது. வெந்த கண்ணில் கிருமி சேர்ந்தால் பார்வையே கெடும். கண்ணைக் கசக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வேலை செய்பவருக்குக் கவசம் உண்டு. வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கு எது காப்பு? தெருப் பக்கம் ஒரு தகரத் தட்டியை நிறுத்துங்கள். பற்ற வைப்பதற்கு முன் "கண்ணு, கண்ணு" என்று குரல் கொடுங்கள்.

இரண்டு எர்த்

அடுத்து தம்பி மிஷினின் ஸ்விட்சைப் போடப் போனார். மேஸ்திரி தடுத்தார்.

"எர்த் பார்த்தாயா தம்பி?"

"பார்த்தேன் அண்ணே. கேட்டில் மாட்டியிருக்கு."

"அது ஒரு எர்த். இன்னொன்று?"

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பட்டறைகளில் இரண்டு வேறு கம்பிகளை எர்த் என்றே சொல்கிறார்கள். ஒன்று, கிளாம்பு வைத்த தடித்த கேபிள். அது வெல்டிங் மின்சாரம் மிஷினுக்குத் திரும்பும் வழி. அதைச் செய்யும் பொருளிலேயே, சுத்தமான இரும்பில் இறுக்கமாக மாட்ட வேண்டும்.

இன்னொன்று, மிஷினின் உடலிலிருந்து மண்ணுக்குள் போகும் கம்பி. மிஷினுக்குள் கம்பி உரசி உடலில் மின்சாரம் பாய்ந்தால், அதை மண்ணுக்கு அனுப்புவது இதுதான். இது இல்லாவிட்டாலும் மிஷின் நன்றாகவே ஓடும். வேலையும் நன்றாகவே நடக்கும். அதனால்தான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஒருநாள் மிஷினைத் தொடும் கை திரும்பி வராது.

மிஷினுக்குள் நுழையும் மின்சாரம் 230 வோல்ட். சில மிஷின்களுக்கு 415 வோல்ட். ஹோல்டர் பக்கம் வருவது சுமார் 50 முதல் 80 வோல்ட். "குறைந்த வோல்ட்தானே" என்று நினைக்காதீர்கள். வியர்வையில் நனைந்த உடம்புக்கு அதுவும் எமன்தான். வீட்டில் வைக்கும் உயிர் காக்கும் ஸ்விட்ச் மிகவும் நல்லது. ஆனால் அது மிஷினுக்குள் வரும் மின்சாரத்துக்குத்தான் காவல். ஹோல்டர் பக்கத்து அதிர்ச்சிக்கு அது காவல் இல்லை.

அதற்குக் காவல் நான்கு. காய்ந்த தோல் கையுறை. ரப்பர் அடி வைத்த செருப்பில்லாத மூடிய காலணி. காலுக்குக் கீழே காய்ந்த பலகை. மழையில் வேலையை நிறுத்தும் மனம்.

சுத்தம் இருந்தால் ஒட்டும்

இப்போது கேட் வேலை. சட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஆங்கிள். தம்பி அளந்து வெட்டினார். வெட்டுவதற்கு முன் கட்டிங் வீலில் எழுதியதைப் படித்தார். அதில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று போட்டிருக்கும். கிரைண்டரின் சுற்று அதைவிட அதிகமாக இருக்கக்கூடாது. இருந்தால் வீல் உடைந்து கத்தி போலப் பறக்கும். வீலுக்குக் காலாவதி மாதமும் வருடமும் உண்டு. அதையும் பாருங்கள். கிரைண்டரின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள்.

பிறகு ஒட்டும் இடத்தில் துருவையும் பெயிண்டையும் தேய்த்து எடுத்தார். துருவின் மேல் ஒட்டினால் பற்று நிற்காது. உள்ளே ஓட்டை விழும். வெளியே பார்க்க அழகாக இருக்கும். நாலு மாதத்தில் கேட் கழன்று விழும். அதன் மேல் ஏறி ஆடுவது அந்த வீட்டுக் குழந்தையாக இருக்கலாம்.

ராடு காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்ட ராடு படபடவென்று சிதறும். மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மேல் பூச்சு உதிர்ந்த ராடு வேண்டாம். எந்த ராடுக்கு எவ்வளவு ஆம்பியர் என்பது பெட்டியிலேயே இருக்கும். பொதுவான கட்டட வேலை ராடில் 2.5 மில்லிமீட்டருக்கு 60 முதல் 90 ஆம்பியர். 3.15 மில்லிமீட்டருக்கு 90 முதல் 130 ஆம்பியர். மெல்லிய ஆங்கிளுக்கு 2.5 போதும். ஆம்பியர் கூடினால் இரும்பு ஓட்டையாகும். குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும்.

ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ராடின் கனம் அளவுக்கே இடைவெளி வேண்டும். சரியாக இருந்தால் எண்ணெயில் அப்பளம் பொரிவது போல ஒரே சீரான சத்தம் வரும். காதும் வேலை கற்றுக்கொடுக்கும்.

தம்பி ஒரு மூலையை முழுவதும் ஒட்டிவிடப் பார்த்தார். மேஸ்திரி விடவில்லை. முதலில் நான்கு மூலைக்கும் சிறு பொட்டு மட்டும் வைக்கச் சொன்னார். இதற்கு டாக் என்று பெயர். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தார்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் சதுரம். ஒன்றாக இல்லாவிட்டால் இப்போதே தட்டிச் சரி செய்யலாம். முழுவதும் ஒட்டிய பிறகு முடியாது. அதன் பின் ஒரு மூலை, அடுத்து எதிர் மூலை என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். ஒரே பக்கம் சூடேறினால் இரும்பு முறுக்கிக்கொள்ளும்.

ஒட்டிய பின் மேலே கசடு ஓடு போலப் படியும். அதைச் சுத்தியால் தட்டும்போது சூடாகத் தெறிக்கும். அதற்கு வெள்ளைக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

பாலும் வெல்லமும்

கேட்டின் கம்பிகளுக்கு ஜி.ஐ. பைப் வந்திருந்தது. ஜி.ஐ. பைப்பின் மேல் துத்தநாகம் பூசியிருக்கும். இரும்பு சுமார் 1,500 டிகிரியில் உருகும். துத்தநாகமோ சுமார் 900 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அதனால் இரும்பு உருகும் முன்பே வெள்ளைப் புகை கிளம்பும். அதை முகர்ந்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். உடம்பு முறிக்கும். மலேரியா என்று நினைப்பார்கள்.

"பால் குடித்தால் சரியாகிடும், வெல்லம் தின்றால் புகை இறங்கிடும்" என்று சொல்வார்கள். பாலும் வெல்லமும் வயிற்றுக்குப் போகும். புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் வேறு வழி. உணவாகச் சாப்பிடுங்கள். மருந்தாக நம்பாதீர்கள்.

ஒட்டும் இடத்தில் சுமார் 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுங்கள். தேய்க்கும்போது மூக்கை மூடும் கவசம் போடுங்கள். காற்று ஓடும் இடத்தில் வேலை செய்யுங்கள். புகை மேலே போகும் வழியில் முகத்தை நீட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-ஆம் ஆண்டு வெல்டிங் புகையை ஆராய்ந்தது. அது புற்றுநோய் உண்டாக்கும் என்று முடிவு செய்தது. எல்லா வெல்டிங் புகைக்கும் இது பொருந்தும். புகை குறைவாக உள்ளே போனால் ஆயுள் கூடும்.

இன்னொன்று. இரு முனையும் மூடிய பைப்பை ஒட்டாதீர்கள். உள்ளே காற்று சூடாகி வெடிக்கும். முதலில் ஒரு சிறு துளை போடுங்கள்.

காலி டிரம்

மதியம் ஒருவர் சைக்கிளில் ஒரு டிரம்மைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"மேஸ்திரி, இதைப் பாதியா வெட்டிக் கொடுங்க. மாட்டுக்குத் தண்ணித் தொட்டி ஆகும். காலி டிரம்தான். பத்து நிமிஷ வேலை. இருநூறு ரூபாய் தர்றேன்."

தம்பி ஹோல்டரைக் கையில் எடுத்துவிட்டார். பாதி வழியில் நின்றார். டிரம்மின் மேல் சிவப்புச் சதுரம் ஒன்று சாய்வாக ஒட்டியிருந்தது. அதில் தீச்சுடர் படம். கீழே தேய்ந்துபோன எழுத்துகள்.

"அண்ணே, இதில் நெருப்புப் படம் இருக்கு."

மேஸ்திரி வந்து பார்த்தார். ஹோல்டரை வாங்கிக் கீழே வைத்தார். மிஷினை நிறுத்தினார்.

"ஐயா, இது காலி இல்லை. இதுக்குள்ளே ஆவி நிறைஞ்சிருக்கு."

நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் அபாயம். எண்ணெய் எரிவதற்குக் காற்று வேண்டும். நிறைந்த டிரம்மில் காற்றுக்கு இடம் குறைவு. காலி டிரம்மில் எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். ஒரு பொறி போதும். டிரம் குண்டாகிவிடும்.

"நான் சோப்புப் போட்டுக் கழுவினேனே! வாசனைகூட இல்லையே!" என்றார் வந்தவர்.

கழுவினாலும் மடிப்பிலும் மூட்டிலும் எண்ணெய் தங்கியிருக்கும். ஆறியிருக்கும்போது வாசனை வராது. சூடு பட்டதும் ஆவியாகும். அது பூச்சிமருந்து டிரம்மாக இருந்தால் மாட்டுக்கும் விஷம்.

வந்தவருக்குக் கோபம் வந்தது. "நீங்க செய்யாட்டி என்ன, அடுத்த பட்டறையில் செய்வாங்க" என்றார்.

இருநூறு ரூபாய் அந்த வீட்டுக்குச் சிறிய தொகை அல்ல. ஆனாலும் மேஸ்திரி சட்டையை மாட்டிக்கொண்டார். "வாங்க ஐயா, அந்தப் பட்டறைக்கு நானும் வர்றேன். அந்தத் தம்பிக்கும் குழந்தை குட்டி இருக்கு. அவரிடமும் சொல்லிடறேன்" என்றார்.

வந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப தண்ணித் தொட்டிக்கு என்ன செய்யறது?" என்று கேட்டார்.

"சிமெண்ட் தொட்டி வாங்குங்க. வருஷக் கணக்கில் உழைக்கும். துருவும் பிடிக்காது."

குஜராத் மாநிலத்தில் அலங் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டு முதல் அங்கே பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். எண்ணெய்க் கப்பலை வெட்டுவதற்கு முன் உள்ளே எரியும் வாயு இல்லை என்று சோதிக்க வேண்டும். அதற்குச் சான்று வாங்க வேண்டும். அதன் பிறகே நெருப்பு வைக்கலாம். சோதிக்கக் கருவியும் ஆளும் உள்ள இடத்திலேயே இவ்வளவு விதி. வீட்டுக் கொட்டகையில் கருவி ஏது? அதனால் எண்ணெய் டிரம், பெட்ரோல் டேங்க், பெயிண்ட் டின், கேஸ் சிலிண்டர் இவற்றில் நெருப்பு வைக்கவே வேண்டாம். எவ்வளவு கூலி கொடுத்தாலும் வேண்டாம்.

வேலை முடிந்த பின்

மாலையில் கேட் முடிந்தது. தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். மேஸ்திரி அரை மணி நேரம் இருக்கச் சொன்னார். பொறி பல அடி தூரம் பறக்கும். சாக்கிலும் வைக்கோலிலும் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் கனலும். வாளியில் மணலும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். மின்சாரம் உள்ள இடத்தில் மணலையே போடுங்கள். நைலான் சட்டை உருகித் தோலில் ஒட்டும். பருத்திச் சட்டையே நல்லது. தீக்காயம் பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். மையோ பற்பசையோ பூச வேண்டாம்.

இந்தத் தொழிலை முறையாகக் கற்கவும் வழி உண்டு. எட்டாம் வகுப்புத் தேறியவர்கள் அரசு ஐ.டி.ஐ.யில் ஓர் ஆண்டு வெல்டர் பயிற்சி பெறலாம். பள்ளிக்குப் போகாதவர்களுக்கும் புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்கும் ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் நிலையங்கள் தொழில் கற்றுத் தருகின்றன. இதன் முதல் நிலையம் 1967-இல் பம்பாயில் தொடங்கியது. உங்கள் மாவட்டத்து நிலையத்தில் என்னென்ன தொழில் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அன்று தம்பி படித்தது மிகக் குறைவு. கண்ணாடியில் ஓர் எண். வீலில் ஓர் எண். டிரம்மில் ஒரு படம். ஹோல்டரைக் கீழே வைக்க அவ்வளவு போதுமாக இருந்தது. இரவு அவர் வீடு திரும்பினார். கண் உறுத்தவில்லை. காய்ச்சல் இல்லை. குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது.

இதைப் படித்தவர்கள் பக்கத்துப் பட்டறைக்குப் போய்ப் படித்துக் காட்டுங்கள்.