ஒரே வகுப்பறையை இருவரும் பாருங்கள்



கணக்கைப் பற்றிய கூட்டம் இது. அதனால் ஒரு கணக்கைச் சொல்லித் தொடங்குகிறேன். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். 35 என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். சிவப்பு மையால் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்பது சுலபம். ஆனால் அந்தப் பிள்ளை யோசிக்காமல் எழுதவில்லை. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க முடியும் என்று முன்பு நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். அதை நம்பி 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டது. 5இலிருந்து 2ஐக் கழித்து 3 போட்டது. நாம் சொன்னதை அது மீறவில்லை, அப்படியே கடைப்பிடித்திருக்கிறது! 52 என்றால் ஐந்து பத்துக் கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும், ஒரு கட்டை அவிழ்த்துவிட்டால் நான்கு கட்டுகளும் பன்னிரண்டு உதிரிகளும் என்பதை அது தன் கையால் செய்து பார்த்ததில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிப் போட்டே, சொல்லு கண்ணு" என்று கேட்க வேண்டும். மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டிருக்கிற ஆசிரியரால் ஒவ்வொரு பிள்ளையிடமும் இப்படிக் கேட்க முடியுமா? அவர் பாடம் நடத்தும்போது கூட இருந்து கவனிக்க, பிறகு அவரோடு உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவரை அரசு நமக்குத் தந்திருக்கிறது. வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அவர் வருகிறார். தொடக்கப் பள்ளியை நடத்துகிற தலைமை ஆசிரியரோ வட்டாரக் கல்வி அலுவலருக்குப் பதில் சொல்கிறார். அவர்கள் தொடக்கக் கல்வித் துறை. இரண்டு துறை, இரண்டு படிவம், இரண்டு கேள்வி. நடுவில் ஓர் ஆசிரியர்.

என்ன நடக்கிறது? பயிற்றுநர் வருகிறார். "டீச்சர், குச்சிக் கட்டை வைத்தே செய்யட்டும், நாலு நாள் கூட ஆகட்டும்" என்கிறார். நல்ல யோசனை. அடுத்த நாள் மேலிருந்து கேள்வி வருகிறது: "பாடம் எந்தப் பக்கத்தில் இருக்கு? மதிப்பீடு பதிவேற்றியாச்சா?" ஆசிரியர் யார் பேச்சைக் கேட்பார்? பாடக் குறிப்பேட்டில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ, அவர் பேச்சைத்தான் கேட்பார். குச்சிக் கட்டு அலமாரிக்குப் போய்விடும்.

தலைமை ஆசிரியரைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. இரு ஆசிரியர் பள்ளியில் அவரும் வகுப்பு எடுக்க வேண்டும். காலை உணவு, மதிய உணவு, எமிஸ் பதிவு, வங்கி, மேலாண்மைக் குழுத் தீர்மானம், ஒழுகுகிற கூரை எல்லாம் அவர் தலையில்தான். இத்தனைக்கும் நடுவே, கணக்கு வகுப்பு எப்படி நடக்கிறது என்று அவரை யாராவது கேட்டிருக்கிறோமா? கேட்டதெல்லாம் எண்ணிக்கைதானே!

இந்த ஊர் நிர்வாக மாற்றங்களைக் கண்ட ஊர். 2018இல் இலுப்பூர் தனிக் கல்வி மாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. 2022இல் தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் தனித்தனி மாவட்டக் கல்வி அலுவலர்கள் என்று மறுபடியும் மாற்றினார்கள். மாற்றத்துக்கு நியாயம் இருந்திருக்கலாம். பலகை மாறியது, முத்திரை மாறியது. வகுப்பறைக்குள் போய் யார், எதைப் பார்ப்பது என்ற கேள்வி மட்டும் தீரவில்லை.

2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதக் கற்பித்தலை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் நம் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துப் பேராசிரியர் ராமானுஜம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் பாடுபட்டவர். அந்தக் குழு கண்ட பெரிய குறைகளில் ஒன்று பிள்ளைகளின் பயம். இன்னொன்று, கணக்கு ஆசிரியருக்குப் போதிய தயாரிப்பும் துணையும் இல்லாதது. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்பேன். துணையில்லாத ஆசிரியர் விதியைப் பிடித்துக்கொள்கிறார். விதி மட்டும் கிடைத்த பிள்ளை பயந்துபோகிறது.

கணக்குக்குப் பள்ளியின் துணை எவ்வளவு தேவை என்பதைக் கொரோனா காலம் நன்றாகவே காட்டிக்கொடுத்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வில், 2021 டிசம்பரில், கணக்கில் ஏற்பட்ட இழப்பு தமிழில் ஏற்பட்டதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. தமிழ் வீட்டில் பேச்சாக, பாட்டாகக் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கழித்தலும் வகுத்தலும் அப்படியா? பள்ளிதான் அதற்குக் கதி. பிறகு பள்ளிகள் திறந்தன, இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்தத் தன்னார்வத் தங்கைமார்களுக்கு இந்த மேடையிலிருந்து கைகூப்புகிறேன்.

2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பாடம். 2025இல் 6 முதல் 9 வகுப்புகளுக்குத் திறன் இயக்கம். பொருள் நல்ல பொருள். ஆனால் வகுப்பைப் பார்க்க வருகிறவர் வேவு பார்க்க வருகிறார் என்று ஆசிரியர் நினைத்துவிட்டால் எந்தப் பொருளும் உதவாது. 2023இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைப் பி.எட். மாணவர்களை விட்டு மதிப்பிட முனைந்தபோது ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். என் வகுப்பை மதிப்பிட்டுப் போகிறவர், நாளைக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் போனால் எனக்கு அவரால் என்ன பயன்?

வெளியூர்ச் செய்தி இரண்டு. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, தலைமை ஆசிரியர்களை மேம்பாட்டுத் திட்டம் எழுத வைத்தார்கள். கவனமாக எழுதினார்கள், காகிதம் சேர்ந்தது. ஆய்வு செய்து பார்த்தால் கற்பித்தலும் மாறவில்லை, பிள்ளைகளின் கற்றலும் உயரவில்லை. தென்னாப்பிரிக்காவில் வடமேற்கு மாகாணத்தில் வேறொன்று செய்தார்கள். இரண்டு குழுப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத் திட்டம், ஒரே நூல்கள். ஒரு குழுவின் ஆசிரியர்களை மையத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குப் பயிற்றுநரை வகுப்பறைக்கே அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, வகுப்பறைக்குப் பயிற்றுநர் போன பள்ளிகளில் கிடைத்த பலன் சுமார் இரண்டு மடங்கு. அது தாய்மொழி வாசிப்புக்கான முயற்சி, கணக்குக்கு அல்ல. ஆனாலும் வகுப்பறையில் வந்து உதவுவதற்குள்ள வலிமையை அது காட்டுகிறது. தலைமைக்குத் திட்டம் மட்டும் கொடுத்தால் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. பயிற்றுநரை அனுப்பிவிட்டுத் தலைமையை ஒதுக்கிவைத்தால், பயிற்றுநரின் பைக் கிளம்பியதும் பழையபடி ஆகிவிடும்.

இரண்டையும் சேர்த்துச் செய்து காட்டியது யார் தெரியுமா? நம் புதுக்கோட்டை மாவட்டம்! 1991இல் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு அலுவலகத்தில் உட்காரவில்லை. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பொறுப்பு பிரித்துக் கொடுத்தார், சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் தந்தன, தானே நேரில் கவனித்தார். தெருவில் சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது தன்னார்வத் தொண்டர். அந்தத் தொண்டருக்குப் பின்னால் நின்றது மாவட்ட நிர்வாகம். லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். இந்தக் கூட்டத்தில் இருக்கிற பாட்டிமார் சிலர் அப்போது ஓட்டியவர்களாகவே இருப்பார்கள். கற்றுக்கொடுத்தவரும் அதிகாரம் உள்ளவரும் ஒரே காரியத்தில் கண் வைத்தார்கள். அதைத்தான் கணக்குக்கும் கேட்கிறேன்.

தலைமை ஆசிரியர்களே, பயிற்றுநர் வருகிற நாளில் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு டீ சொல்ல வேண்டாம். அவரோடு வகுப்புக்குள் வாருங்கள். ஆளில்லை என்றால் ஒன்று செய்யலாம்: டீச்சரின் மற்ற வகுப்பை அந்த ஒரு பாடவேளை நீங்கள் கவனியுங்கள், பயிற்றுநர் பாடம் நடத்துவதை டீச்சர் உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகு மூவரும் கால்மணி நேரம் பேசுங்கள். பத்துக் குறை சொல்லாதீர்கள். அடுத்த வருகைக்குள் மாற்ற வேண்டிய ஒன்றே ஒன்றை முடிவு செய்யுங்கள். நாலு நாள் குச்சிக் கட்டு என்று முடிவானால், பாடக் குறிப்பேட்டில் அதையே எழுதி நீங்களே கையெழுத்திடுங்கள். அந்தக் கையெழுத்துதான் ஆசிரியருக்குத் தைரியம்.

பயிற்றுநர்களே, உங்கள் மேல் புள்ளிவிவரச் சுமை ஏற்றப்பட்டிருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரே நாளில் நாலு பள்ளிகளைத் தொட்டுவிட்டுப் போவதைவிட, ஒரு பள்ளியில் ஒரு வேளை முழுதும் இருங்கள்.

வட்டாரக் கல்வி அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் பிள்ளைகள் தவறாகப் போட்ட கழித்தல் கணக்கு நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியரும் வரட்டும், பயிற்றுநரும் வரட்டும், நீங்களும் தரையில் உட்காருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் என்ன நினைத்து அப்படிப் போட்டது என்று சேர்ந்து கண்டுபிடியுங்கள். அன்றைக்கு வேறு எந்தப் படிவமும் வேண்டாம். மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, அந்தக் கூட்டம் நடந்ததா என்று அடுத்த மாதம் பள்ளியில் கேளுங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.