வாக்கும் ஒரு சாட்சிதான்
(கொல்லிமலை செம்மேட்டில் சிறுவணிகர்களிடையே அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



வாடிக்கையாளர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 'சிறந்த கடை' விருது என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தால், மிளகும் தேனும் காப்பியும் விற்கும் நமக்கும் ஆசை வருவது இயல்பே. வாக்குக் கேட்பது தவறில்லை. கேட்கும் முறை நேர்மையாக இருக்க வேண்டும்.

2007-இல் புதிய ஏழு உலக அதிசயங்களுக்கான வாக்கெடுப்பு நினைவிருக்கும். தாஜ்மகாலுக்காக நம் நாட்டில் பலரும் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஒருவரே பலமுறை வாக்களிக்க முடிந்தது. ஜூலை 7 அன்று லிஸ்பனில் முடிவு அறிவித்தார்கள், தாஜ்மகால் வென்றது. ஆனால் யுனெஸ்கோ, தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விலகி நின்றது. எண்ணிக்கை பெரிது, அதன் மதிப்போ கேள்விக்குள்ளானது.

நம்மிடம் பொருள் வாங்கியவர் தரும் வாக்கு ஒரு சாட்சி. ஆகவே வாங்கியவரிடம் மட்டும், ஒரே ஒருமுறை கேட்போம். வாக்குக்குத் தள்ளுபடி கொடுத்தால் அது கூலியாகிவிடும். வேலையாட்களை வற்புறுத்த வேண்டாம். வாடிக்கையாளரின் கைப்பேசியை வாங்கி நாமே வாக்கைப் பதிய வேண்டாம்; ஓடிபி கேட்கவே வேண்டாம். வென்றால் எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று பலகையில் எழுதுவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருபவர் அந்தப் பலகையை நம்பித்தான் மிளகு வாங்குகிறார். அவருடைய நம்பிக்கை நம் கையில் உள்ள அமானிதம். எடையிலும் வாக்கிலும் மோசம் செய்யாதிருக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.