கருப்பொருள் பூங்காவும் கவிஞர்களும்



பத்தாண்டு நிறைவு விழாவில் உரையாற்ற நான் தந்த தலைப்பைக் கண்டு நம் செயலாளர் சற்றே திகைத்தார். ‘இராட்டினத்தைப் பற்றியா அம்மா பேசப் போகிறீர்கள்?’ என்று வினவினார். ஏறத்தாழ இராட்டினத்தைப் பற்றித்தான். குழந்தைகள் விளையாடும் இடம், காசு பறிக்கும் இடம் என்று நாம் ஒதுக்கிவிட்ட ஒன்றினுள் கலை இருக்கின்றதா என்பதே என் வினா.

‘தீம் பார்க்’ என்பதைத் தமிழில் கருப்பொருள் பூங்கா என்கின்றனர். மொழிபெயர்த்தவர் தொல்காப்பியத்தை எண்ணிப் பார்த்தாரோ இல்லையோ, சொல் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. நிலத்திற்கு நிலம் பறவையும் மரமும் பறையும் உணவும் வேறுபடும் என்பது நம் அகமரபு. கலிபோர்னியாவின் அனாகைம் நகரில், 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு இருந்த இடத்தில், 1955 ஜூலை 17ஆம் நாள் வால்ட் டிஸ்னி திறந்த டிஸ்னிலாந்தும் பல நிலங்களாகவே பகுக்கப்பட்டுள்ளது. ஒரு நிலத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்றால் மரம் மாறும், இசை மாறும், பணியாளர் உடை மாறும், குப்பைத் தொட்டியின் வண்ணம்கூட மாறும். குப்பைத் தொட்டியையும் கருப்பொருளாகக் கொண்டவர்களை நாம் எளிதில் புறக்கணித்துவிடலாகாது.

அப்பூங்காவைச் சூழ்ந்து உயர்ந்த மண்கரை ஒன்று உண்டு. அதன்மேல் தொடர்வண்டி ஓடுகின்றது. உள்ளே நிற்பவருக்கு வெளியுலகம் தெரியாதிருக்கவே அக்கரை எழுப்பப்பட்டது. இடம் போதாமற் போனபோது அதுவே இடையூறாயிற்று. புதிய காட்சிக் கூடங்களைக் கரைக்கு அப்பால்தான் கட்ட முடியும். ஆனால் பார்வையாளர் கரையைக் கடந்ததை உணரலாகாது. என்ன செய்வது?

1969இல் திறக்கப்பட்ட பேய் மாளிகைக்கு அவர்கள் கண்ட விடை வியப்புக்குரியது. எண்கோண அறை ஒன்றில் நம்மை நிறுத்திக் கதவை மூடுகின்றனர். சுவர்கள் நீள்கின்றன. சுவரில் மாட்டிய ஓவியங்களும் நீள்கின்றன. கண்ணியமாகத் தோன்றியவர்கள் எத்தகைய ஆபத்தின்மீது நிற்கின்றனர் என்பது ஓவியத்தின் கீழ்ப்பகுதி வெளிப்பட வெளிப்படத் தெரிகின்றது. உண்மையில் அவ்வறை ஒரு மின்தூக்கி. தரை கீழே இறங்குகின்றது. தொடர்வண்டிப் பாதைக்கு அடியிலுள்ள சுரங்க வழியே நாம் கரைக்கு வெளியே கொண்டு செல்லப்படுகின்றோம். எதுகைக்காகத் தேடிய சொல் பாட்டின் உயிராகிவிடும் அனுபவம் இங்குள்ள கவிஞர்களுக்குப் புதிதன்று. யாப்பு தளையா, சிறகா என்று இவ்வட்டத்தில் நாம் பன்முறை வழக்காடியிருக்கின்றோம். அடுத்த முறை அம்மின்தூக்கியையும் சாட்சிக்கு அழைக்கலாம்.

அம்மாளிகைக்குள் இருவர் கைவண்ணம் தெரிகின்றது. கிளாட் கோட்ஸ் பின்னணி ஓவியர்; அச்சமூட்டும் சூழலை விரும்பினார். மார்க் டேவிஸ் உயிரோவியர். நகைச்சுவைப் பாத்திரங்களை விரும்பினார். தீர்ப்பளிக்க வேண்டிய டிஸ்னி 1966 டிசம்பரில் மறைந்துவிட்டார். ஆகவே முற்பாதி அச்சச் சுவையாகவும் பிற்பாதி நகைச் சுவையாகவும் அமைந்துவிட்டது. இது குறை என்பாரும் உளர். என் எண்ணம் வேறு. அஞ்சியவன் தன் அச்சத்தை எண்ணித் தானே நகைக்கும் இயல்பு அவ்வமைப்பில் தற்செயலாகக் கைகூடியிருக்கின்றது. நடனக் கூடத்தில் ஆடும் ஆவிகள் கண்ணாடியில் விழும் பிரதிபலிப்புகளே. பெப்பர் என்பவர் 1862இல் இலண்டன் மேடையில் காட்டிய உத்திதான் அது. பழைய உத்தி என்பதால் மெய்ப்பாடு குறையவில்லை.

இனிக் கடற்கொள்ளையர் படகுப் பயணத்திற்கு வருகின்றேன். 1967 மார்ச்சில் திறக்கப்பட்டது. முதலில் எலும்புக்கூடுகள் கிடக்கும் குகைகள். பின்னரே உயிரோடு ஆடிப்பாடி ஊரைச் சூறையாடும் கொள்ளையர். முடிவை முன்வைத்து வாழ்வைப் பின்வைத்த அமைப்பு! உரையாடலையும் பாடல் வரிகளையும் எழுதிய சேவியர் அட்டென்சியோ அதற்கு முன் எழுத்தாளரல்லர், உயிரோவியர். பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சொற்கள் விளங்கவில்லையே என்று அவர் வருந்தியபோது, விருந்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேச்சு காதில் விழுவது போலத்தான் இதுவும், மீண்டும் வருபவர் புதிதாக ஒன்றைக் கேட்பார் என்று டிஸ்னி தேற்றினாராம். முழுதும் விளங்காமையும் ஒரு நயம் என்பதைக் கவிஞர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2014இல், அங்கு வாழும் என் தமையனார் இல்லத்திற்குச் சென்றபோது, ஒன்பது வயது மகளுடன் அப்படகில் ஏறினேன். நடுவே ஓர் ஏலக் காட்சி. கயிற்றால் பிணைக்கப்பட்ட பெண்களைக் கொள்ளையர் மணமகள்களாக ஏலம் விடுகின்றனர். வரிசையில் நிற்கும் செம்பட்டைக் கூந்தலாளை நோக்கிக் கொள்ளையர் ஆரவாரிக்கின்றனர். படகிலிருந்தோர் நகைத்தனர். உருவங்களின் நயத்தில் மயங்கி நானும் நகைத்தேன். ‘அவங்க அழறாங்களே, ஏம்மா எல்லாரும் சிரிக்கிறாங்க?’ என்று மகள் கேட்டாள். வரிசையில் ஒருத்தி அழுதுகொண்டிருந்ததை நான் பார்க்கவேயில்லை. மெய்ப்பாட்டியல் கற்பிப்பவள் நான்.

2018இல் அக்காட்சியை மாற்றிவிட்டனர். இப்போது ஏலம் போவன ஊராரின் பொருள்கள். செம்பட்டைக் கூந்தலாள் தானே கொள்ளைக்காரியாகித் துப்பாக்கியுடன் நிற்கின்றாள். மூலப் படைப்பில் கைவைக்கலாமா என்று இரசிகர் பலர் வெகுண்டனர். பாடபேதம் ஆராய்ந்து பட்டம் பெற்ற எனக்கும் அவ்வினா எளிதன்று. மார்க் டேவிஸ் வரைந்த காட்சி அது. அவர் இன்று இல்லை. நூலாயின் பழைய பதிப்பு நூலகத்தில் இருக்கும். படகுப் பயணத்திற்குப் பழைய பதிப்பு ஏது? அழித்தால் அழிந்ததுதான். ஆயினும், நாள்தோறும் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் படகை அருங்காட்சியகப் பேழையாக எண்ணவும் எனக்கு மனம் வரவில்லை. மாற்றியது சரி என்றே கருதுகின்றேன். மாற்றத்திற்கு முந்தியது எது என்று அவ்விடத்திலேயே எழுதி வைத்திருக்கலாம் என்றும் கருதுகின்றேன்.

2019இல் மீண்டும் சென்றோம். மகளுக்குப் பதினான்கு வயது. துப்பாக்கி ஏந்தியவளை அவள் நெடுநேரம் திரும்பிப் பார்த்தாள். ‘இவங்க தப்பிச்சிட்டாங்க. அன்னைக்கு அழுதவங்க எங்கம்மா?’ என்றாள். படகு அதற்குள் எரியும் ஊருக்குள் நுழைந்துவிட்டது.