பக்கத்தில் விட்ட இடம்



ஆடை அலங்காரத்தைப் பற்றி என்னைப் போன்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் பேசப் புகுந்தால் நீங்கள் நகைப்பீர்கள். வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அன்றி வேறு உடை அறியாதவன் நான். ஆயினும், சென்ற ஆண்டு என் பேத்தி தன் கல்லூரிப் பயிற்சிக்காகத் தோழியர் மூவருடன் சேர்ந்து ஆடைக்கலை இதழ் ஒன்றை உருவாக்கினாள். அதன் பக்கங்களை என் முன் பரப்பி, "தாத்தா, இதில் என்னவோ சரியில்லை. என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். உடையை அறியேனாயினும் ஏட்டை அறிவேன் என்னும் துணிவில் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

பதினாறு பக்கங்கள். பொருள், மதுரைச் சுங்குடிப் புடைவை. முடிச்சிடும் விரல்கள், சாயத் தொட்டி, வெயிலில் உலரும் துணிகள் என்று படங்கள் யாவும் நல்லவையே. ஆனால் ஒரே பக்கத்தில் ஏழு படங்கள். ஏழும் ஒரே அளவு. இடையில் அகப்பட்ட சந்துகளிலெல்லாம் எழுத்து. அந்த எழுத்திலும் ஐந்து வகை. புடைவை உடுத்தி நின்ற பெண்ணொருத்தியின் முகம், இரு பக்கங்கள் கூடும் மடிப்பில் விழுந்து மூக்கை இழந்திருந்தது!

"இவற்றுள் எந்தப் படத்தை நான் முதலில் பார்க்க வேண்டும்?" என்று கேட்டேன்.

"எல்லாவற்றையும்தான்" என்றாள்.

அலெக்சி பிரடோவிச் என்பவரைப் பற்றி அப்போது அவளுக்குக் கூறினேன். 1898-இல் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர். புரட்சிக்குப்பின் நாடு நீங்கிப் பாரிசில் வாழ்ந்தவர். 1930-இல் அமெரிக்கா சென்று பிலடெல்பியாவில் ஆசிரியரானவர். 1934 முதல் 1958 வரை 'ஹார்ப்பர்ஸ் பஜார்' என்னும் ஆடைக்கலை இதழின் பக்கங்களை அமைத்தவர் அவரே. இர்விங் பென், ரிச்சர்டு அவெடான் ஆகிய பெரும் புகைப்படக் கலைஞர்கள் அவரிடம் பயின்றவர்கள். எதிரெதிரான இரு பக்கங்களையும் அவர் ஒரே பரப்பாகக் கருதினார். ஒரு படத்தைத் தாளின் விளிம்புவரை ஓடவிடுவார். மற்றொன்றைச் சிறிதாக்கி, அதனைச் சுற்றிப் பெரும் வெண்பரப்பை விட்டுவிடுவார். படங்களைப் பல அளவுகளில் படியெடுத்து வைத்துக்கொள்வார். இதழ் முழுவதையும் தரையில் பரப்பி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குக் கண் எவ்வாறு செல்கின்றது என்று பார்ப்பார்.

நாங்களும் தரையில் அமர்ந்தோம். நான்கு தாள்களை நடுவில் மடித்து, ஒன்றனுள் ஒன்றைச் செருகினால் பதினாறு பக்கம் கொண்ட சிற்றேடு கிடைக்கும். அதில் பென்சிலால் கட்டம் போட்டுப் பார்த்த பின்னரே கணிப்பொறியைத் தொட வேண்டும் என்றேன். எழுத்து வகை ஐந்து இரண்டாயிற்று. வலப்பக்கம் நோக்கும் முகம் இடப்பக்கத்திற்கு வந்தது. தாளுக்கு வெளியே பார்க்கும் முகம் படிப்பவரையும் வெளியே அழைத்துச் சென்றுவிடும் அன்றோ? மிக நீண்ட வரிகளை இரு பத்திகளாகப் பிரித்தோம். ஏழு படங்களில் முடிச்சிடும் விரல்கள் மட்டுமே ஒரு பக்கத்தில் நின்றன. மேலே பாதிப் பக்கம் வெறுமை.

"இவ்வளவு இடம் வீணாகிறதே!" என்றாள் பேத்தி.

"சுங்குடிப் புள்ளி எப்படி உண்டாகிறது?" என்று கேட்டேன். நூலால் இறுக்கிக் கட்டிய இடத்தில் சாயம் ஏறுவதில்லை. அந்த ஏறாத இடமே புள்ளி. அவளே எழுதியிருந்த செய்திதான். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக் கையெழுத்து இதழுக்குப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், தறியில் அமர்ந்த தன் தந்தையை வரைந்து தந்தான். பக்கத்தின் கீழ்மூலையில் சிறியதாகத் தறி; மற்றதெல்லாம் வெறுந்தாள். அவனை அறைக்கு அழைத்து, "தாள் இலவசமாகவா வருகிறது?" என்று கடிந்து, மிஞ்சிய இடத்தைப் பொன்மொழிகளால் நிரப்பக் கட்டளையிட்டேன். அழகிய கையெழுத்தில் நிரப்பித் தந்தான். தலைமையாசிரியன் சொல்லை எவன் தட்டுவான்? அடுத்த இதழுக்கு அவன் படம் தரவில்லை. ஏன் என்று கேட்டபோது, "இடம் இல்லை, ஐயா" என்றான். தாளைத்தான் சொல்கிறான் என்று எண்ணி, அடுத்த முறை இரண்டு பக்கம் தருவதாக வாக்களித்தேன். அவன் தலையசைத்துவிட்டுச் சென்றான். பள்ளி விட்டுப் போகும்வரை அவ்விதழில் அவன் வரையவேயில்லை. பிரடோவிச்சின் பக்கங்களை நான் கண்டது ஓய்வு பெற்ற பிறகு. அன்று அந்தத் தறிதான் என் கண்முன் வந்தது.

பேத்தியின் இதழ் அச்சுக்குப் போகுமுன், அந்த வெறும் பாதியில் கல்லூரி முத்திரையைப் பதிக்கலாமே என்று தோழி ஒருத்தி கூறினாள். பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. நால்வரும் நெடுநேரம் வாதாடினார்கள். முத்திரை பின்னட்டைக்குப் போயிற்று.