வண்டி கொதித்தால் அவசரம் வேண்டாம்



சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். அதுவரை வண்டிக்குப் பெரிய கஷ்டம் இல்லை. அலிபிரியைத் தாண்டினால்தான் சோதனை. அங்கிருந்து மேல்திருப்பதிக்கு ஒரே ஏற்றம். திருமலை கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது.

திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-ல் திறக்கப்பட்டது. இரண்டாவது பாதை 1974-ல் வந்தது. அந்த ஏற்றத்தில் பல ஆண்டுகள் அம்பாசிடர் கார்கள் ஏறின. அந்தக் கார் 1957 முதல் 2014 வரை நம் நாட்டில் தயாரானது. வீடு நிறைய ஆட்கள், மேலே மூட்டை முடிச்சு, தலைக்கு மேல் சித்திரை வெயில். பாதி மலையில் பானட்டிலிருந்து ஆவி கிளம்பும். "வண்டி கொதித்துவிட்டது" என்பார்கள்.

வண்டி ஏன் கொதிக்கிறது? எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் பம்பு அதை முன்னால் உள்ள ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே காற்று பட்டுத் தண்ணீர் ஆறுகிறது. ஆறிய தண்ணீர் மறுபடியும் எஞ்சினுக்குப் போகிறது. ஏற்றத்தில் எஞ்சினுக்கு வேலை அதிகம். வண்டியோ மெதுவாகப் போகிறது. அதனால் காற்று குறைவு. சூடு ஏறுகிறது.

சூடு ஏறுவதை வண்டியே சொல்லும். பல கார்களில் ஓட்டுநருக்கு எதிரே ஒரு முள் இருக்கும். அதன் ஒரு பக்கம் 'சி' என்ற ஆங்கில எழுத்து. அது குளிர்ச்சி. மறுபக்கம் 'ஹெச்'. அது சூடு. இந்த இரண்டு எழுத்துகளையும் தெரிந்துகொள்ளுங்கள். முள் 'ஹெச்' பக்கம் போனால், "மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டாதீர்கள். வளைவில் நிற்காமல், அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். கைபிரேக் போடுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

ஆவி வரவில்லையா? எஞ்சினை நிறுத்தாமல் சில நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். முள் இறங்கும். முள் இறங்காவிட்டாலும், ஆவி வந்தாலும், தண்ணீர் ஒழுகினாலும், பெல்ட் அறுந்திருந்தாலும் உடனே நிறுத்திவிடுங்கள்.

இனிதான் முக்கியமான செய்தி. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. குக்கரை ஆவி அடங்குமுன் திறப்போமா? இதுவும் அப்படித்தான். மூடி திறந்ததும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கண்ணே போய்விடலாம்.

அரை மணி நேரமாவது காத்திருங்கள். எஞ்சின் தொட்டால் கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். கனமான துணியை மூடிமேல் போடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மூடியைக் கொஞ்சமாகத் திருப்புங்கள். 'உஸ்' என்ற சத்தம் அடங்கிய பிறகு முழுவதும் திறங்கள். தண்ணீரை மெள்ள மெள்ள ஊற்றுங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடும்.

யாருக்காவது கொதிநீர் பட்டுவிட்டால், அந்த இடத்தில் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். மை, மாவு, பற்பசை எதுவும் தடவாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது. காரணத்தைத் தேடுங்கள். விசிறி பெல்ட் தொய்ந்திருக்கிறதா? ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா? ரேடியேட்டரின் முகத்தில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறதா? உப்புத் தண்ணீர் ஊற்றி உள்ளே படிவு கட்டியிருக்கிறதா? தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கிறதா? எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பி போல இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. கேஸ்கட் போயிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாதீர்கள். கட்டி இழுத்துப்போய் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இத்தனை தொல்லையையும் வீட்டு வாசலிலேயே தவிர்க்கலாம். கிளம்புகிற அன்று காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தண்ணீரைப் பாருங்கள். பெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கூலண்டு கலந்த சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றாதீர்கள். பழைய வண்டியை மலைமேல் விடுவார்களா என்றும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அரை மணி தாமதமானால் தரிசனம் தள்ளிப்போகும். அவ்வளவுதான். மூடியை அவசரமாகத் திறந்தால் கண் போகும். வண்டியில் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும்கூட இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுநர் அவசரப்பட்டால், "கொஞ்சம் பொறுங்கள்" என்று அவர்கள் தடுக்கலாம்.